நோம்பிக்கு நடுவே பங்குதாரர் கூட்டம்

1937, பங்குனி 8

காலையிலேயே வெயில் சுள்ளென்று. பஞ்சு மண்டிக்குப் போகவில்லை, பேங்க் வேலை. டைரக்டர் பதவி என்றால் நாற்காலியும் காப்பியும்தான் என்று நினைத்த எனக்கு நன்றாக வேண்டும்.

பங்குதாரர் கூட்டம் பங்குனி 12-ல், இங்கே ஹெட் ஆபீசில். நம் பேங்கை அப்படியே வாங்கிக்கொள்ள மெட்ராஸ் பேங்க் ஒன்று கேட்கிறது. சேர்மன் பாதி மனசாகிவிட்டார். விற்றால் கோபி கிளைக்குப் பூட்டுதான். மஞ்சள் போட முன்பணம் வேண்டுமென்றால் விவசாயி பழையபடி வட்டிக்கடை வாசலில். கோபிப் பக்கத்துப் பங்குதாரர்கள் திரண்டு வந்தால் தடுத்துவிடலாம். நாளை நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.

பங்குனி 9

கோபிக்குப் போனேன். தலையில் இடி. ஊரில் மாரியம்மன் திருவிழா, நோம்பிக்குக் கோயில் முன் கம்பம் நட்டாயிற்று. நோம்பி முடியும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துத் தேதி குறித்த டைரக்டர்கள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. அத்தனை பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள், வெட்கம்! நோட்டீஸ் போய்விட்டது, இனி தேதியை மாற்ற முடியாது. வர முடியாதவர்களின் ஓட்டை நான் போடப் பிராக்ஸி வாங்கவும் கெடு தாண்டிவிட்டது.

செல்லாத்தாள் வீட்டில் மோர். கணவர் போன பிறகு மஞ்சள் காட்டையும் பேங்க் பங்குகளையும் தானே பார்த்துக்கொள்கிறவள். புலம்பினேன். சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி தங்கப்படாதுன்னுதானுங்க. பகல்ல போறதுக்கு என்னங்க? பஸ்ஸு ஒண்ணு பேசிப்போடுங்க. கூட்டம் முடிஞ்சதும் திரும்பீரலாம்."

பங்குனி 11

பஸ் பேசியாயிற்று. டிரைவரிடம் பத்துத் தடவை சொல்லியும், நேரத்துக்கு வராதோ என்று பயம். "பேங்கு போனா மண்டி இருக்குதுல்லங்க" என்கிறாள் மனைவி. அவளுக்குப் புரியாது. வீடு வீடாகப் போய்ப் பங்கு வாங்க வைத்தவன் நான்.

பங்குனி 12

பஸ் வந்துவிட்டது! மடியில் கட்டுச்சோற்றோடு இறங்கினார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை.

மெட்ராஸ் ஏஜெண்ட் பேசினார், பேசினார். இங்கிலீஷில். நடுவே நம் பேங்க் ஆள் ஒருவனே அவர் காதில்: "இன்னும் கொஞ்சம் இழுங்க சார், பொழுது சாஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க." எனக்கு ரத்தம் கொதித்தது.

செல்லாத்தாள் எழுந்தாள். "சேர்மனுங்க, அவரு பேசட்டுமுங்க. நீங்க ஓட்டெடுங்க. நாங்க ஊட்டுக்குப் போகோணும்."

சபையே சிரித்தது. சேர்மனுக்கும் சிரிப்பு. ஓட்டு எடுத்தார். விற்பதற்கு எதிராகக் கோபிக் கைகள் மொத்தமும். ஏஜெண்ட் விடவில்லை, பங்குக் கணக்கிலும் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். அதிலும் நாம்தான். பேங்க் நம்முடையது!

வாசலில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஓடினேன். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் ஜன்னலில் அவள்.

"பேங்கு நம்முளுதுதானுங்களேண்ணா. அப்ப டைரக்டருல எங்கூரு ஆளு ஒண்ணு வேணுமுங்க."

"தாராளமா அம்மணி. ஆரைப் போடலாம்?"

"ஏனுங்க, நான் வந்தா ஆகாதுங்களா?"

பஸ் போய்விட்டது. நாளைக் காலையே சேர்மன் வீட்டுக்குப் போய் டைரக்டர் பதவிக்குச் செல்லாத்தாள் பெயரைச் சொல்ல வேண்டும்.