மாமன் மடிக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்

காரைக்கால்மேடு
12.6.2003

பிரியமுள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மதி இப்போதுதான் தூங்கினாள். லேசாகச் சளி. எழுதுவதற்கு நடுவே இரண்டு தடவை எழுந்துபோய் மூச்சு சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டேன். இவர் சிரிக்கிறார்.

போனில் கேட்டால் "லைன் சரியில்ல தங்கச்சி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். ஆவணியில் மதிக்கு மூன்று வயது முடிகிறது. அதற்குள் காது குத்தியாக வேண்டும். உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது என்று இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. ஓரகத்தி மலர்க்கொடி மீன் ஏலத்தில் எல்லார் முன்னாலும், "மாமன் மடி பாரீசுலேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்டி" என்றாள். அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

டிராவல்ஸில் விசாரித்தேன். சென்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டராம். துபாயில் இறங்கி ஏறினாலும் பதினைந்து மணி நேரம். அப்புறம் பஸ்ஸில் ஏழு மணி நேரம். ஒரு நாள்கூட இல்லையே அண்ணே! எனக்காக அதுகூட முடியாதா?

உன் பாரதி

பாரீஸ்
5.7.2003

அன்புத் தங்கைக்கு,

மதிக்குச் சளி விட்டதா? நீ போட்ட கணக்கு சரிதான். வருவதற்கு ஒரு நாள் போதும். திரும்பிப் போகத்தான் எனக்கு வழியில்லை.

இங்கே தங்க எனக்கு அட்டை கிடையாது பாரதி. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள நம் ஊர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்று நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து எனக்கும் கிடைத்துவிட்டதாக நினைத்தீர்கள். நானும் மறுக்கவில்லை. விமானத்தில் ஏற விடுவார்கள், மறுபடி உள்ளே விடமாட்டார்கள். இன்னும் மூன்று வருஷம் இங்கேயே கிடந்தால் மனு போடலாம் என்கிறார் வக்கீல். இப்போது கிளம்பினால், ஓட்டல் பின்கட்டில் தட்டு கழுவிய ஏழு வருஷமும் போச்சு.

ஆனாலும் 'வா' என்று ஒரு வார்த்தை எழுது, ஏறிவிடுகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே. நம் ஊர்க்காரர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒருவர் போலீசில் சொன்னால் போதும்.

அண்ணன் குணசேகரன்

காரைக்கால்மேடு
8.9.2003

அண்ணே,

வராதே என்று எழுதினாலும் நீ கிளம்பிவிடுவாய் என்று பயந்தேன். அதனால் காது குத்தி முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சித்தப்பா மகன் மாறனை உட்கார வைக்கச் சொன்னார்கள். மனசு வரவில்லை. நானே மணையில் உட்கார்ந்து மதியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி தியாகராசன் ஊசியோடு நின்றுவிட்டார். "என்னம்மா இது, மாமன் எங்க?"

"அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு இல்லீங்க. நீங்க குத்துங்க."

உண்மையைச் சொன்னால் அது ஒரே வாரத்தில் பாரீஸ் போய்ச் சேர்ந்துவிடும். சண்டை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். மதி வீறிட்டாள். மலர்க்கொடிகூட எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் வேண்டாம். போஸ்ட்மேன் வெளிநாட்டு ஸ்டாம்பைத் தெருவுக்கே காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுக்கிறார். அட்டை கைக்கு வந்த அன்று கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால், இவர் எதிரில் உன் குரலைக் கேட்டுவிட்டு, "ராங் நம்பருங்க" என்று வைத்துவிடுவேன்.

பாரதி