செத்தவனை எழுப்பும் பதிப்பு

மகளே,

ஆளுக்கொரு வீரனாகிப் பகடை உருட்டி வீட்டில் ஆடுவோமே, அந்தக் கதை விளையாட்டு விதிப் புத்தகத்தின் புதுப் பதிப்பை நீ அனுப்பினாய்; படித்து முடித்தேன். "அஞ்சாங்கிளாஸ் அத்தைக்கு இதெல்லாம் விளங்குமா?" என்றாராமே மாப்பிள்ளை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த ஆட்டத்தில் பூதங்களை வெட்டிச் சாய்த்தவள் நான். நன்றாகவே விளங்குகிறது.

பழைய பதிப்பில் செத்தவன் செத்தவன்தான். உன் அப்பா ஆடிய கேடயவீரன் கதையில் பாலத்திலிருந்து விழுந்தபோது, "போனவன் போகட்டும், அடுத்த ஆளை எழுதுடி" என்று என்னிடம் சிரித்தபடி, அவன் பலமெல்லாம் குறித்து வைத்திருந்த தாளை அவரே கிழித்தார். புதுப் பதிப்பில் செத்தவனை எழுப்ப ஒரு மந்திரம் போதுமாம். அப்பா போய் வருடம்கூடத் திரும்பவில்லை. அதற்குள் அந்த வீரனை எழுப்பி மாப்பிள்ளைக்கு ஆடக் கொடுத்துவிட்டாய். அப்பாவின் நாற்காலியையும்தான்.

"நீயும் ஆட வாம்மா" என்கிறாய். வரமாட்டேன். அட்டை முதல் அட்டை வரை தேடிவிட்டேன். உன் அப்பாவை எழுப்புகிற மந்திரம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உன் அம்மா