ஜாம் கிடாரம் பொருத்திய கார்

மார்ச் 4, செவ்வாய்

விடியவே மழை. பஸ் இல்லை. வீடு இருக்கிற பலாரோவிலிருந்து நடை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

கி.க்குச் சவரம், நான்கு மருந்துக் குளிசை, கால் நகம் வெட்டு. (கி. என்றால் கிழவர். அமெரிக்காவில் பிறந்த சிசிலிக்காரர், வயது தொண்ணூற்றொன்று, பெயர் றே. மனைவி செத்தபிறகு இங்கே சிசிலியில் மகளோடு இருக்கிறார். மூன்று வருடமாக நான்தான் குளிப்பாட்டி உடுப்புப் போடுகிறேன். ஒவ்வொரு நாளும் முழுப்பெயர் எழுதினால் மைதான் வீண்.)

பாதிக் கன்னம் வழித்ததும் கார்க் கதை. கத்தி கழுத்தில் இருக்கும்போதும் வாய் மூடாது. அவருடைய இங்கிலீஷை அப்படியே எழுத எனக்கு வராது, என் தமிழில் எழுதுகிறேன்.

இளமையில் கலிபோர்னியாவில் ஒரு கொட்டிலில் தன் கையாலேயே பந்தயக் கார் செய்தாராம். கொதிகலன் குழாயை வெட்டி ஒட்டிச் சட்டம். மண் மூட்டைமேல் அலுமினியத் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டி உடம்பு. யுத்த விமானத்தில் கழித்துப்போட்ட இருக்கைப் பட்டி. நொறுங்கிய இங்கிலீஷ் கார் ஒன்றின் எஞ்சின். இலக்கம் எழுத, கன்வஸ் சப்பாத்துக்குப் பூசுகிற வெள்ளை. அந்தக் காரையே றோட்டில் ஓட்டிப்போய், முன் லைட்டுக்கு டேப் ஒட்டி, கைவிட்ட விமான ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே பந்தயம் ஓடி, பிறகு அதிலேயே வீடு திரும்பி, திங்கட்கிழமை வேலைக்கும் அதில்தானாம். உலகத்திலேயே அதைப்போல எஞ்சின் இல்லையாம், தையல் மெசின் மாதிரி ஓடுமாம்.

ஒரே பந்தயம். கி. வந்த இடம்:
தையில் சொன்னது: ஏழாவது
மாசியில்: ஐந்தாவது
போன கிழமை: மூன்றாவது
இன்று: இரண்டாவது

ஈஸ்டருக்குள் முதலாவதாக வந்துவிடுவார்.

இன்றைய புதுப் புளுகு (டோனி என்றால் நான்): "வளைவிலை ஒயில் ஒரு பக்கமா ஓடிப்போகும், டோனி. அதாலை அம்மா ஜாம் காய்ச்சிற செப்புக் கிடாரத்தைப் பாதியா வெட்டி எஞ்சினுக்குக் கீழை ஒட்டினனான். கிடாரத்தின்ரை ஒரு காது இப்பவும் அதிலை நிக்குது."

முட்டைக் கோது உரிக்கத் தெரியாத மனிசன். ஜாம் கிடாரமாம். மண்ணாங்கட்டி.

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு. கி. பார்த்துவிட்டு, "என்ன டோனி, காபரேற்றர் துடைச்சனியோ?" ஞானஸ்நானம் பெற்ற மனிசன் கேட்கிற கேள்வி!

சிஞ்ஞோரா (மகள், நல்லவள்தான், ஆனால் எப்போதும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கதைப்பாள்) சமையலறையில் வைத்துச் சொன்னாள்: காரை ஜெனோவாவில் ஒரு பணக்காரனுக்கு விலை பேசியாயிற்று. அடுத்த செவ்வாய் கப்பல். ஆனால் அவனுக்கு ஒரு வீடியோ வேண்டுமாம். கி. காரில் ஏறி இருந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "இது நான் செய்தது" என்று தன் வாயால் சொல்லவேண்டுமாம். இல்லாவிட்டால் எடுக்கமாட்டானாம்.

ஆக, கார் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கி.யோடு கப்பலில் வந்ததாம், இப்போது ஊரின் மறுபக்கம் பிரான்காச்சோவில் தொத்தோ என்கிற மெக்கானிக்கின் பட்டறையில். எனக்கு ஏமாற்றம்தான், ஒளிப்பானேன்.

கி. பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "அதின்ரை சத்தத்தை ஒருக்காக் கேட்டிட்டன் எண்டால் காணும், டோனி. பிறகு எங்கை கொண்டு போனாலும் போகட்டும்." மூன்று தரம் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் மனைவி றீற்றாவிடம் நடித்துக் காட்டினேன், கி. ஸ்ரியரிங் பிடிக்கிற மாதிரி. அவள் சிரிக்கவில்லை. "இஞ்சரப்பா, இந்தத் தபசுகாலத்துக்கு நீங்கள் இறைச்சியை விடவேண்டாம். இந்த நக்கலை விடுங்கோ, காணும்."

மார்ச் 7, வெள்ளி

வெயில், காற்று. சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று பார்க்க சிஞ்ஞோராவோடு பட்டறைக்கு.

கார் என் இடுப்பு உயரம்கூட இல்லை. கதவு கிடையாது. தகடு முழுக்க மேடும் பள்ளமும். கீழே படுத்துப் பார்த்தேன்: வெல்டிங் ஒட்டெல்லாம் கோழி எச்சம் மாதிரி. நான் முந்தி மெக்கானிக்காக இருந்த யாழ்ப்பாணக் கராச்சில் இப்படி ஒட்டியிருந்தால் முதலாளி செவிட்டைப் பொத்தி அடித்திருப்பார்.

முக்கியமாகப் பார்த்தது எஞ்சின் அடி. ஒயில் தொட்டி சாதாரண இரும்பு, கொம்பனியில் வந்தபடி. செப்பு இல்லை. கிடாரம் இல்லை. காது இல்லை. படுத்தபடியே வாய்விட்டுச் சிரித்தேன். பிடிபட்டார் புளுகர்.

நட்டுகளில் புதிதாக ஸ்பானர் பட்ட தடம். விற்பதற்காகக் கழுவித் துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தொத்தோவுக்கு எஞ்சினை எழுப்பத் தெரியவில்லை. பெற்றோல் பம்ப் செத்துவிட்டதாம், சாமான் வர மூன்று கிழமையாம். கையில் போன், போனில் ஏதோ படம். இவனெல்லாம் மெக்கானிக்! யுத்தத்தில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்று ஒன்றே இல்லை. இரண்டு சொட்டு காபரேற்றருக்குக் காட்டி எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். பம்ப் இல்லாவிட்டால் சேலைன் போத்தலைத் தலைகீழாகக் கட்டி அந்தக் குழாயாலேயே விட்டோம். பிள்ளைத்தாச்சியை ஏற்றினோம், பிணத்தையும் ஏற்றினோம். இந்தக் கிழவர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போகாமல் செய்ததற்கு வீடியோ. எங்களை எவன் வீடியோ எடுத்தான்?

"நான் எழுப்பிறன்" என்றேன். சிஞ்ஞோரா என்னை முதல்தரம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மார்ச் 8, சனி

கொண்டுபோனவை: கி., நாற்காலி, கம்பளி, அவருக்குக் கட்டிவிடுகிற பம்பர்ஸ் இரண்டு, போன மாதம் கி.க்கு ஏற்றிய சேலைன் போத்தல் குழாயோடு.

கி.யைத் தூக்கிக் காரில் இருத்த நானும் தொத்தோவும். பழைய தோல் தொப்பி ஒன்றை மடியில் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! போட்டுக்கொண்டார். தொத்தோ எனக்குக் கண்ணடித்தான். நானும் திருப்பி அடித்தேன்.

போத்தலைத் தூணில் கட்டினேன். குழாய் காபரேற்றருக்கு. நாலாவது சுற்றில் எஞ்சின் எழும்பியது. என்ன சத்தம்! பட்டறையில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். தொத்தோ என் முதுகில் அடித்து "மாயெஸ்த்ரோ!" என்றான். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் பிறருடைய குண்டி கழுவுகிறேன், ஒருத்தனும் கை தட்டியதில்லை. தலைகால் தெரியவில்லை எனக்கு.

கி. மட்டும் அசையவில்லை. தலையைச் சரித்துக் கேட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இது என்ரை எஞ்சின் இல்லை."

சிஞ்ஞோரா வீடியோவை நிறுத்தினாள்.

"என்ரை நொண்டும்," என்றார். "நான்தான் கெடுத்தனான். வால்வைத் தள்ளுற தண்டை நானே உரஞ்சினன், அதிலை மூண்டாவது மேட்டைப் பிழையா உரஞ்சிப்போட்டன். மூண்டு அடி நல்லா அடிச்சு ஒரு அடி நொண்டும். ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை. இது நொண்டேல்லை, டோனி."

சிஞ்ஞோரா இத்தாலியனில் என்னிடம், மெதுவாக: "நீ மெக்கானிக். நீ சொன்னால் கேட்பார். சொல்லு."

முதுகில் இன்னும் தொத்தோவின் கை சூடு. கிழத்துக்கு மூளை குழம்பிவிட்டது, இன்றைக்கு நொண்டிக் கதை, நாளைக்கு இன்னொன்று என்று நினைத்தேன். குனிந்து காதுக்குள் சொன்னேன்: "சேர், இது உங்கடை எஞ்சின்தான். வயசுக்குக் காது அப்பிடித்தான் கேட்கும். நான் கீழை படுத்துப் பாத்தனான்."

என் முகத்தைப் பார்த்தார்.

"நீ பாத்தனியோ?"

"ஓம் சேர்."

"அப்ப சரி. நீ சொன்னால் சரி."

வீடியோ. "இது நான் செய்தது." ஒரே தரத்தில் முடிந்தது.

கை கழுவப் போனேன். மூலையில் தொத்தோ நட்டுகளைப் போட்டு ஊறவைக்கிற சட்டி. தகரம் என்று நினைத்துத் தூக்கினேன். ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் செப்பு, நடுவே கோழி எச்சம் மாதிரி ஒட்டு. விளிம்பில் ஒரு காது.

மார்ச் 9, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. மன்னார்ப் பக்கத்து ஆக்கள் கூடிக் கதைத்தார்கள், காதில் ஏறவில்லை.

றீற்றாவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த மனிசன் உண்மை சொன்னவர்."

"ஓம்."

"நீங்கள் பொய் சொன்னீங்கள்."

"எனக்கு அப்ப தெரியாது."

"இப்ப தெரியும்தானே? செவ்வாய்க்கிழமை கப்பல். நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

இரண்டாவது, மூன்றாவது என்று வாய்க்கு வந்தபடி இடம் சொன்னவர், வெட்கப்படவேண்டிய பிழையை அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். தன் எஞ்சினை அடையாளம் காட்ட அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. நான் வயசைச் சொல்லி வாயை அடைத்தேன். சீ.

மார்ச் 10, திங்கள்

மப்பு வானம். கி. தூக்கம்.

சிஞ்ஞோராவிடம் கிடாரத்தைச் சொன்னேன். அவளுக்குத் தெரியும்! பழைய எஞ்சின் வெடித்துப்போய்க் கிடந்ததாம், தொத்தோ அதே மாதிரி வேறொன்றை வைத்தானாம். "வாங்குகிறவனுக்கும் சந்தோஷம், அப்பாவுக்கும் சந்தோஷம். நீயேதான் உறுதி சொன்னாய், வீடியோவுக்கு முதல் எல்லாரும் கேட்டோம்." மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என் பெர்மெஸ்ஸோ (இங்கே தங்குகிற அனுமதி) புதுப்பிக்கிற கடுதாசிகளை எடுத்துவரச் சொன்னாள். அடுத்த கிழமை பொலிஸ் கந்தோரில், கெஸ்தூராவில் கொடுக்கவேண்டியவை. அவள் கையெழுத்து இல்லாமல் வேலை ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோ இல்லை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைத்தாள், சிரித்துக்கொண்டே.

"நன்றி சிஞ்ஞோரா" என்றேன்.

கி. எழும்பினார். சூப். குளிசை. பக்கத்தில் இருந்தேன், ஒன்றரை மணித்தியாலம். சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வாங்கவேண்டியது: சவரப் பிளேட், கறிவேப்பிலை, றீற்றாவுக்கு முழங்கால் எண்ணெய்.

மத்தியானம் லீவு கேட்டு பிரான்காச்சோ. கார் போய்விட்டது. தொத்தோவிடம் சட்டியைக் கேட்டேன். "அந்தக் குப்பையா? கொண்டு போ." பழைய நட்டுகளைக் கொட்டிவிட்டுத் தந்தான்.

பஸ் துறைமுகப் பக்கமாக வந்தது. ஜெனோவாக் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. புறப்பட இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது. நேராகக் கி. வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் ஒரு சொல் சொன்னால் வாங்குகிறவன் எடுக்கமாட்டான், அது நிச்சயம். மடியில் இருந்த கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு பலாரோவில் இறங்கினேன்.

றீற்றா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாப்பாடு போட்டாள். நாலு பேச்சுப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

நல்ல வெயில். பஸ் நேரத்துக்கு வந்தது.

சவரத்துக்கு முதல் கிடாரத்தைக் கி. மடியில் வைத்தேன். புளி போட்டு மினுக்கியிருந்தேன், அதுவும் ஒரு விசர் வேலை. கண்ணாடி போடாமலே கையால் தடவினார். விளிம்பு, ஒட்டு, காது. காதைப் பிடித்தபடி இருந்தார்.

"கப்பல் போயிட்டுதோ?"

"ராத்திரியே போயிட்டுது, சேர்."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"சனிக்கிழமை. வீடியோவுக்குப் பிறகு."

தலையாட்டினார். கிடாரத்தை என்னிடம் தரவில்லை. சோப்பு நுரை போட்டேன். வலது கன்னம் வழித்தேன். இடது கன்னம் வழித்தேன். கதை இல்லை. கழுத்தில் கத்தி வைத்தேன், அப்போதும் இல்லை. மூன்று வருடத்தில் இதுதான் முதல் நாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே கேட்டேன்.

"சேர், அந்தப் பந்தயத்திலை எத்தினையாவதா வந்தனீங்கள்?"

கண்ணைத் திறந்தார். நான் இத்தனை நாளும் அவரைப் பார்த்த, புளுகரைப் பார்க்கிற அதே பார்வை.

"நீ சொல்லு, டோனி. உனக்குத்தானே எஞ்சின் தெரியும்."