கடைசிச் சரணத்துக்கு ஒரு கட்டை

சோகார், ஓமன்
8 செப்டம்பர் 2024

ஏட்டி ஜெனிலா,

சுகம் விசாரிப்பதெல்லாம் போனில் ஆயிற்று. வாய்ஸ் மெசேஜில் பாடம் சொன்னால் நீ பாதியிலேயே "சரி சரி" என்கிறாய். அதனால்தான் மெயில். இதைத் திறந்து வைத்துக்கொண்டு என் பேஸ் கிடாரை எடு.

நீ சர்ச்சில் வாசித்த வீடியோவைப் பார்த்தேன். மோசம். C கார்டு வந்தால் C, F வந்தால் F என்று ஒரே நோட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். அது பேஸ் இல்லை, கதவைத் தட்டுகிற சத்தம்.

C மேஜர் ஸ்கேலில் C D E F G A B. கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற மூன்று நோட்டு. இதில் C கார்டுக்குச் சொந்தம் C, E, G. F கார்டுக்கு F, A, C. தாளத்தின் முதல் அடியில் கார்டுக்குச் சொந்தமான நோட்டு விழ வேண்டும். மிச்ச ஸ்கேல் நோட்டெல்லாம் போகிற வழி. C-யிலிருந்து F-க்குப் போக வேண்டுமா? C, C, D, E என்று நட. அடுத்த முதல் அடியில் F-இல் காலை வை. E வந்ததுமே காது F-ஐக் கேட்கும்.

முடிந்த இடத்திலெல்லாம் விரல் வைக்காமல் திறந்த கம்பியை அடி. A, D, G மூன்றும் சும்மாதானே கிடக்கின்றன. கார்டு எது என்று சந்தேகம் வந்தால் கீபோர்டில் டிஜோவின் இடது கையைப் பார். அவன் அமுக்குவதுதான் உனக்கும்.

கிறிஸ்துமசுக்கு லீவில் வருகிறேன். அதுவரை என் கிடாரையும் பாடகர் குழுவில் என் இடத்தையும் பார்த்துக்கொள்.

ஷாஜன்


நெய்யூர்
21 அக்டோபர் 2024

அன்புள்ள ஷாஜன்,

நேற்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. உங்க அம்மா காணிக்கை வைத்த செவ்வாழைக் குலையை டிஜோவின் அப்பா ஏலத்தில் எடுத்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல செய்தி இத்தோடு முடிந்தது.

முதல் சரணங்கள் நன்றாகவே போயின. உன் C, C, D, E நடந்து F-இல் நான் கால் வைத்தபோது செல்வதாஸ் சார் பாடகர் குழுவை நடத்துவதை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கடைசிச் சரணத்துக்கு முன்னால் வழக்கம்போல ஒரு விரலைத் தூக்கினார். சுருதியை ஒரு கட்டை ஏற்றச் சொல்கிறார். டிஜோ டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிவிட்டு அதே இடத்தில் அதே விரல்களால் வாசித்தான். கீபோர்டின் சத்தம் D-க்கு ஏறியது. அவன் கையைப் பார்த்துக்கொண்டு நான் C-யிலேயே நின்றேன். பெண்கள் பக்கம் பாட்டே நின்றுவிட்டது.

வாசல் படியில் வைத்து சார் சொன்னார்: "மக்கா, நீ பழையபடி ஆல்ட்டோ பாடு. பேஸுக்கு ஷாஜன் வரட்டு."

டிஜோவுக்கு வேறு இளிப்பு. "ஏட்டி, நான் தும்முனாலும் எனக்க கையத்தான் பாப்பியா?"

இத்தனை வருஷம் அவன் பக்கத்தில் நின்று வாசித்தவன் நீ. அந்தப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா?

நான் ஆல்ட்டோ பாடுகிற பெண்களோடு போய் நிற்கவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி, அட்வெந்து முதல் ஞாயிறு, ஒரு தடவை வாசிக்கக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதிலும் தப்பாக வாசித்தால் நானே கிடாரை உறையில் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெனிலா


சோகார்
23 அக்டோபர் 2024

ஜெனிலா,

பட்டனை நான் கவனித்ததே இல்லை. சுருதி ஏறினால் என் காது பிடித்துக்கொள்ளும். உன் காது பிடிக்காததற்கு நான் என்ன செய்ய?

சார் சொன்னதில் தப்பில்லை. டிசம்பர் இருபதாம் தேதி நான் ஊரில் இறங்குகிறேன். இருபத்திரண்டு கேரல் ஆராதனை. நான் வாசித்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி டியூட்டியும் பார்த்துக்கொண்டு நீ எதற்கு மெனக்கெட வேண்டும்? கிடாரை அம்மாவிடம் கொடுத்துவிடு.

ஷாஜன்


நெய்யூர்
2 டிசம்பர் 2024

அன்புள்ள ஷாஜன்,

பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் இருந்தது. ஆனால் நேரம்தான் இல்லை.

உன் பாடத்தில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தேன். திறந்த கம்பி. அதை நகர்த்த முடியாது. பாட்டு ஒரு கட்டை ஏறினாலும் அது இருந்த இடத்திலேயேதான் கிடக்கும். அதனால் நீ சொன்ன எல்லா நடையிலும் திறந்த கம்பியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் விரல் வைத்துப் புதிதாகப் போட்டேன். நைட் டியூட்டி முடிந்து வந்து அதே வேலை. "ஆஸ்பத்திரியில ஊசி போட்ட கைதானா இது, இப்பிடி காச்சுக் கெடக்கு?" என்று என் அம்மா திட்டினாள்.

நேற்று சார் இரண்டாம் சரணத்திலேயே விரலைத் தூக்கினார். என்னைச் சோதிக்கத்தான். நான் டிஜோ பக்கம் திரும்பவில்லை. கிடார் கழுத்தில் கையை இரண்டு ஃபிரெட் கட்டம் மேலே தள்ளினேன். அதே வடிவம், அதே நடை. எல்லாம் D-யில் விழுந்தது. சபை ஒரு சொல்லும் விடாமல் பாடியது. வீடியோ இதோடு இருக்கிறது.

கேரலுக்கு யார் என்று சார் கேட்டார். நான் என்றேன். சரி என்றார்.

உன் கிடாருக்குப் புதுக் கம்பி போட்டு உங்க அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். நாகர்கோவிலில் ஒரு பழைய கிடார் பார்த்திருக்கிறேன், அதன் படமும் உண்டு. கிடார் உனக்குச் சொந்தம், வந்து சேர்ந்துவிட்டது. இடத்தை யாரும் உனக்குப் பட்டா போட்டுத் தரவில்லை. வாசிக்க ஆசையிருந்தால் என்னை மாதிரி சாரிடம் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கு.

ஜெனிலா


சோகார்
5 டிசம்பர் 2024

ஏட்டி ஜெனிலா,

உடனே ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நீ கிடாராலேயே அடித்திருப்பாய்.

நாங்கள் தங்கியிருக்கிற கேம்பில் ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் பேஸ் இருக்கிறது. அதை வாங்கி, நீ சொன்னபடி திறந்த கம்பி இல்லாமல் வாசித்துப் பார்த்தேன். தடுமாறினேன். அவன் சிரித்தான். உன் முறைதான் சரி.

நாகர்கோவில் கிடாரை வாங்காதே. கழுத்து வளைந்திருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. என்னுடையதை டிஜோ உன் வீட்டில் கொண்டுவந்து தருவான். அவனைத் திருப்பி அனுப்பாதே. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவா வாசிக்கது நல்லாத்தான் இருக்கு, நீ இஞ்ச வந்து சண்டைக்கு நிக்காதே" என்றாள்.

வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இரண்டாம் வரியில் F கார்டு வரும்போது நாலு அடியும் F-ஐயே அடிக்கிறாய். பழைய வியாதி. நடுவில் ஒரு A வை, அதுவும் கார்டுக்குச் சொந்தம்தான். கேரலுக்குள் சரி செய்.

ஆண்களில் டெனர் பாட ஆள் குறைவு என்று செல்வதாஸ் சார் சொன்னார். நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சார் விரலைத் தூக்கினால் எங்களுக்குச் சுருதி உன் கம்பியிலிருந்துதான் வர வேண்டும். தப்பாகத் தந்தால் வாசல் படியில் வைத்துச் சொல்வேன்.

ஷாஜன்