சிப்மாவின் அத்தை

1944 மார்ச் 6
இன்றும் ஊரைப் பிடித்து ஆளும் ஜெர்மன் அதிகாரியின் மேலங்கியைச் சிப்மாவே வாங்கி ஆணியில் மாட்டினார். நகர்மன்றப் பதிவேட்டுக்குத் தலைவர், எனக்கு மேலாளர். "ஃபிரீஸ்லாந்துக் குளிர் எலும்பைக் கடிக்கும். காபி குடிச்சிட்டுத்தான் போகணும்!" அப்படி ஒரு குழைவு. ஊரார் அவரைக் கண்டால் துப்புகிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியது இவருக்குக் கீழே பதிவு அட்டைகளை அடுக்கவா? கேட்டிருக்கலாம். வழக்கம்போல் "சரிங்க" என்றேன்.

மார்ச் 9
அலுவலகக் கழிவறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில், 14ஆம் தேதிக்கு நேரே சிப்மாவின் பென்சில் எழுத்து: 'ஆல்ட்யே அத்தை'. எங்கள் ஊர் வழக்கப்படி, அத்தைக்குப் பிறந்தநாள் என்றால் இவருக்கும் கைகொடுத்து வாழ்த்தியாக வேண்டும். எனக்கோ அதற்கே கூச்சம். வயது தெரிந்துகொள்ளப் பதிவேட்டைப் பார்த்தேன். அத்தை 1931லேயே இறந்துவிட்டார்! செத்தவருக்கு ஊரே வாழ்த்துச் சொன்னால் எவ்வளவு மானக்கேடு? அந்தப் பேரை அழித்துவிட்டேன். படிப்புக்கு இப்படியாவது ஒரு பயன்.

மார்ச் 14
தம்பி யெல்லெயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜெர்மன் ஆலைக்கு ஆள்பிடிப்பு. கூட இன்னும் இரண்டு பேர். ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே ஒளிஞ்சுக்குவானே— இந்தத் தடவை மட்டும் ஏன் சேதி வரலை?
"உன் சிப்மாதான்டி காட்டிக்கொடுத்திருப்பான்," என்கிறாள் அம்மா.

மார்ச் 15
சிப்மா கூப்பிட்டுப் பேசினார். எழுதமாட்டேன். இந்த நோட்டைத் தொழுவத்தில் புதைக்கிறேன்.

1945 ஏப்ரல் 17
கனடாப் படை வந்துவிட்டது. இனி எழுதலாம். போன வருஷம் மார்ச் 15 அன்று சிப்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "எங்க அத்தையை ரெண்டாவது தடவை கொன்னது நீயாம்மா?"
அதிகாரியிடம் குழைவதே ஆள்பிடிப்புத் தேதியைக் கறக்கத்தானாம். அது என்றைக்கோ, அன்றைக்குக் காலண்டரில் ஒரு அத்தை பிறப்பாளாம். துப்புரவுக்கார ட்ரைன் பார்த்துவிட்டுப் போய் ஊரை எச்சரிப்பாளாம், எழுதியவர் யாரென்று சொல்லாமல்.
"நீ மட்டும் என்னைத் திட்டறதை நிறுத்திடாதே, சந்தேகம் வரும்," என்றார்.
ட்ரைன் பனிக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது சாட்சி நான் ஒருத்திதான். இன்று எதிர்ப்புக்குழு ஆட்கள் சிப்மாவைக் கையைத் தூக்கவைத்துத் தெருவில் நடத்திப் போனார்கள். "துரோகி!" என்று உரக்கக் கத்தியவன் ஹார்மென். அத்தைகளால் நான்கு தடவை தப்பியவன்.

ஏப்ரல் 18
விசாரணையில் பாதி ஊர் இருந்தது. நான் பத்துப் பேர் முன்னால் பேசியதே இல்லை. எழுந்து அத்தைகளைப் பற்றிச் சொன்னேன்.
"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஹார்மென்.
"ஒரு பேரை அழிச்சது நான். அதனாலதான் மூணு பேர் மாட்டினாங்க."
முதல் வரிசையில் அம்மா. யெல்லெயிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை.

ஏப்ரல் 21
சிப்மாவை விட்டுவிட்டார்கள். ஊரே பூங்கொத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறது. அம்மாவும் போனாள். நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவள் பின்கதவு வழியாகப் போனாள்.