திருகு போன இடம்

வியாழன், இரவு

வாட்ச் கடைக்குப் போகிறோமே என்று, காலையில் என் கல்யாண வாட்சைப் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டேன். போடியில் கடைக்காரர் மோந்து பார்த்து, "என்னண்ணே, வாட்ச் பல் விளக்கிட்டு வந்திருக்கு?" என்றார். மகள் கயல்விழி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் சம்பளத்தில் அதைச் சர்வீஸ் செய்து அவளே கட்டிக்கொள்ளப் போகிறாள். கறை பிடித்த டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்று அவர் சொன்னதும் நான் தலையாட்டிவிட்டேன். அவள் விடவில்லை.

"உள்ள சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடுங்க. மூஞ்சில கை வச்சா மதிப்பே போயிரும்ணே."

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "எல்லாம் ஒரிஜினல்தாம்மா. சாவி கொடுக்கிற திருகு மட்டும் வேற."

"எந்தப் புண்ணியவானோ தொலைச்சிருக்காரு" என்று என்னை முறைத்தாள். பஸ் போடிமெட்டு ஏறும்வரை அதே பாட்டு. பதில் எனக்கு வாய்வரை வந்தது. பஸ் நிறையத் தெரிந்த முகங்கள், அதனால் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தவழுகிற வயசில், கழன்று விழுந்த அந்தத் திருகை முழுங்கினது நீதான் தாயி. உன் பீத்துணியை நானும் உன் அம்மாவும் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தும் கிடைக்கவில்லை.