முந்தானை கடித்து அழும் அழுகை

நாமக்கல்,
12-8-1938

சேலத்துப் படக் கம்பெனியின் புது நட்சத்திரத்துக்கு,

நலமே. உன் படத்தை டூரிங் கொட்டகையில் மூன்று முறை பார்த்தேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுகிறாயே, அது பதினைந்து வருஷமாக நாடகத்தில் பெண் வேஷம் கட்டி நான் அழுத அழுகை. அடுப்படியில் வைத்து உனக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நேற்று ராசிபுரத்தில் எங்கள் நாடகம். நான் முந்தானையைக் கடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தர், "ஏனுங்க, இவரு அந்தச் சினிமாக்காரியப் பாத்து அப்படியே அழுவறாருங்க!" என்றார். கொட்டகையே கைதட்டியது.

அவள் என் பெண்டாட்டி என்று நான் சொல்லவில்லை.

இன்று காலை நான் சவரம் செய்துகொள்ளவில்லை. நீ ஊருக்கு வரும்போது எனக்கு மீசை இருக்கும். அதை மட்டும் உனக்குச் சொல்லித்தர முடியாது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்